‘போர்ட் திறந்து தர்றேன் சார்’ என்று யாராவது வந்தால்...

கடை கேமராவை வீட்டிலிருந்து போனில் பார்க்க வேண்டும். என் தேவை அவ்வளவுதான். கேமராப் படத்தைப் பதிவுசெய்யும் டி.வி.ஆர். பெட்டியை மாட்டியவரே, ‘போர்ட் ஃபார்வர்டிங் பண்ணித் தர்றேன் சார், 1,500 ஆகும்’ என்றார். வெளியிலிருந்து வரும் இணைப்பை டி.வி.ஆருக்கு அனுப்ப ரூட்டரில் ஒரு வாசல் திறப்பதுதான் அது. சரி என்றேன்.

மூன்று முறை வந்தார். கடை வைஃபையில் படம் வரும். மொபைல் டேட்டாவுக்கு மாறினால் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். கடைசியில் ‘ரூட்டர் சரியில்லை’ என்று 2,800 ரூபாய்க்குப் புதிதாக ஒன்றைத் தலையில் கட்டினார். அதிலும் அதே வட்டம்.

ரூட்டரில் கோளாறே இல்லை. அதன் செட்டிங்ஸ் பக்கத்தில் வேன் ஐ.பி., அதாவது இணைய நிறுவனம் ரூட்டருக்குக் கொடுத்த முகவரி, 100.72 என்று தொடங்கியது. 100.64 முதல் 100.127 வரை தொடங்குபவை இணைய நிறுவனம் தனக்குள் வைத்துக்கொள்ளும் முகவரிகள். ஒரே பொது முகவரிக்குப் பின்னால் பல வாடிக்கையாளர்கள் இருப்பார்கள். அபார்ட்மென்ட் கேட் பூட்டியிருக்கும்போது நம் ஃப்ளாட் கதவை மட்டும் திறந்துவைத்து என்ன பயன்? கூகுளில் ‘என் ஐ.பி.’ என்று தேடி, வரும் எண்ணையும் ரூட்டர் எண்ணையும் ஒப்பிட்டால், இரண்டும் வேறு என்பது ஒரு நிமிடத்தில் தெரிந்திருக்கும். அவருக்குத் தெரியவில்லையா, தெரிந்தே ரூட்டர் விற்றாரா? எனக்கு இரண்டாவதன் மேல்தான் சந்தேகம்.

நானே இணைய நிறுவனத்தில் கேட்டு ஸ்டேடிக் ஐ.பி., அதாவது எனக்கென்றே மாறாத ஒரு பொது முகவரி, வாங்கினேன். அன்றே போனில் படம் வந்தது. பதினோராம் நாள் காலை கடை திறந்தால், மானிட்டர் மூலையில் ‘கேஷ் கவுண்டர்’ என்றிருந்த இடத்தில் ‘ஹேக்டு’ என்று இருக்கிறது. நான்கு கேமராவுக்கும் அதே பெயர்.

ரூட்டரைத் திறந்து பார்த்தேன். டி.எம்.இசட். ஆன், எதிரே டி.வி.ஆரின் முகவரி. அதாவது ஒரு போர்ட் இல்லை, வெளியிலிருந்து வரும் எல்லாமே நேராக அதற்குத்தான். படம் வரவைக்க எதையெதையோ தட்டிப் பார்த்தவர், அதை அப்படியே விட்டுப் போயிருக்கிறார். நான் பொது முகவரி வாங்கிய நொடியில் அந்த அபார்ட்மென்ட் கேட்டும் திறந்துவிட்டது. டி.வி.ஆர். பாஸ்வேர்ட்? கம்பெனியிலிருந்து வந்த அதே 12345. 2016-இல் மிராய் என்ற வைரஸ் இப்படிக் கிடந்த கேமராக்களையும் டி.வி.ஆர்.களையும் வளைத்துப்போட்டுத்தான் பெரிய பெரிய தளங்களை முடக்கியது.

டி.எம்.இசட்.டை அணைத்து, டி.வி.ஆரை ரீசெட் செய்து, பாஸ்வேர்டை மாற்றினேன். இப்போது அதற்கென்று ஒரு போர்ட்டும் திறக்காமல், ரூட்டரிலேயே இருக்கும் வி.பி.என். என்ற பாதுகாப்பான தனி வழியாகப் பார்க்கிறேன். நீங்கள் யாரையாவது கூப்பிட்டால், மொபைல் டேட்டாவில் படம் வந்த பிறகு காசு கொடுங்கள். கிளம்புமுன் ரூட்டரில் எதையெல்லாம் மாற்றினார் என்று காட்டச் சொல்லிப் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

அவருக்குப் போன் போட்டேன். ‘சின்னப் பசங்க யாராவது விளையாடியிருப்பாங்க சார். நேர்ல வந்து பார்க்கணும்னா 500 ரூபா சார்ஜ் ஆகும்’ என்றார்.