பித்தளையா, எஃகா? முதல் உலகப் போர்க் கால ஜெர்மன் பெல்ட் பக்கிள்

முதன்முதலாக வாங்குபவரின் கை பித்தளைக்குத்தான் போகும். ஜெர்மன் பேரரசின் மிகப் பெரிய அரசான பிரஷ்யாவின் சிப்பாய் அணிந்த அமைதிக்கால பக்கிள் அது. பித்தளைத் தகட்டின் நடுவே, நிக்கல் சில்வரில் (வெள்ளி சேராத வெண்ணிற உலோகக் கலவை) தனியாகச் செய்து பற்றவைத்த வட்டம். அதில் கிரீடம், மேலே 'காட் மிட் உன்ஸ்', அதாவது கடவுள் நம்மோடு. அழகில் எஃகு இதன் பக்கத்தில் நிற்க முடியாது. ஆனாலும் முதல் பக்கிளாக 1915 எஃகு மாதிரியையே வாங்குங்கள்.

காரணம், பித்தளை பக்கிள் இரண்டு துண்டுகள் சேர்ந்தது. தகடு அசல், வட்டம் புதிது என்ற கலப்பு நிறைய வருகிறது. வட்டத்தின் விளிம்பை லென்ஸில் பாருங்கள்: ஈயம் வழிந்து நிற்பதும் பசை மினுங்குவதும் கெட்ட அறிகுறி. பின்புறம் பெல்ட்டைப் பிடிக்கும் முள் கம்பியை விட்டுத் தள்ளி, முகப்பில் காந்தம் வையுங்கள். ஒட்டினால் அது பித்தளை இல்லை.

போரில் பித்தளை தோட்டாவுக்கும் குண்டுக்கும் போனதால், 1915 மாதிரியை ஒரே எஃகுத் தகட்டில் அச்சடித்து, சாம்பல் கலந்த பச்சை வண்ணம் பூசினார்கள். போலியைப் பிடிக்க இந்த ஒற்றைத் தகடே உதவுகிறது. திருப்பினால் கிரீடமும் எழுத்துகளும் பின்பக்கம் குழிவாக, கண்ணாடியில் பார்ப்பதுபோல் இடவலம் மாறித் தெரிய வேண்டும். பின்புறம் தட்டையாக, பொடிப்பொடி ஓட்டைகளோடு இருந்தால் அது உருக்கி ஊற்றிய வார்ப்பு, அதாவது போலி. காந்தமே ஒட்டாவிட்டால் பேச்சே இல்லை.

அடுத்து தேய்மானம். பெல்ட் முனைக் கொக்கி வந்து மாட்டும் இடம் பின்புறத்தில் உள்ளது; பயன்பட்ட பக்கிளில் அங்கே உலோகம் வழுவழுப்பாகத் தேய்ந்திருக்கும். முன்புறம் கிரீடத்தின் உச்சி தேயும், எழுத்துகளின் இடுக்குகள் தேயாது. உப்புத்தாள் போட்டவர் இடுக்கிலும் கீறல் விட்டிருப்பார். அமிலத்தில் வரவழைத்த துரு ஒரே ஆரஞ்சு நிறத்தில் பரவி விரலில் ஒட்டும். பழைய துரு கரும்பழுப்பு, வண்ணத்தின் விளிம்பைத் தூக்கிக்கொண்டு வரும்.

பக்கிளையும் பெல்ட்டையும் இணைக்கும் தோல் நாக்கு இருந்தால், தையல் நூலை புற ஊதா விளக்கில் பாருங்கள். வெள்ளை நீலமாக ஒளிர்ந்தால் நூல் பெரும்பாலும் பிற்காலத்தது. நவீன சோப்பில் கழுவிய பழைய நூலும் ஒளிரும் என்பதால், இதை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுத வேண்டாம். தோல் நாக்கு மாறியிருந்தால் விலையைக் குறைத்துப் பேசலாம், பக்கிளை ஒதுக்கத் தேவையில்லை.

ஜெர்மன் பேரரசுக்குள் இருந்த அரசுக்கு அரசு கிரீடமும் வாசகமும் மாறும். பவேரியாவுக்கு 'இன் ட்ரோய ஃபெஸ்ட்'. வூர்ட்டம்பெர்க் அரசின் வாசகத்தில் கடைசிச் சொல் 'யூ' (u) எழுத்தில் முடியாமல் 'டபிள்யூ'வில் (w) முடியும். அது பழைய எழுத்துமுறை, பிழையென்று திருப்பி அனுப்பிவிடாதீர்கள்.

கழுகும் ஸ்வஸ்திகாவும் உள்ள, நாஜிக் காலத்து 1936 தரைப்படை மாதிரி தொடக்கக்காரருக்கு வேண்டாம். போலி மிகுதி. ஜெர்மனியில் அந்தச் சின்னத்தைப் பொதுவில் காட்டுவதைக் குற்றவியல் சட்டத்தின் 86ஏ பிரிவு தடுக்கிறது. ஆய்வு, கல்வி போன்ற சிலவற்றுக்கே விலக்கு.

பித்தளையையே வாங்கினாலும் புளி போட்டுத் தேய்க்காதீர்கள். களிம்போடு நூறாண்டுச் சான்றும் போய்விடும். அடுத்து வாங்குபவர் முதலில் சந்தேகிப்பது அந்தப் பளபளப்பைத்தான்.