ஒரு குப்பி செல், மூன்று வாசல்

1998-இல் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் தாம்சன் மனிதக் கருவிலிருந்து ஐந்து ஸ்டெம் செல் வரிசைகளை வளர்த்தெடுத்தார். உடலின் எந்த வகைச் செல்லாகவும் மாறக்கூடியது ஸ்டெம் செல்; ஒரே கருவிலிருந்து வந்து ஆய்வகத்தில் தொடர்ந்து பெருகும் செல்களின் பரம்பரைதான் வரிசை. எடுக்க எடுக்கப் பெருகும் பண்டம் அது. அதைப் பங்கிடுவதில் என்ன தகராறு வரப்போகிறது என்றுதான் தோன்றும். ஆனால் 2005 வாக்கில் ஒரு குப்பி கேட்ட ஆய்வாளருக்கு, எந்த வாசலில் நின்றார் என்பதைப் பொறுத்தே எல்லாம் அமைந்தது.

முதல் வாசல் விஸ்கான்சின். செல்களை அனுப்பியது வைசெல் நிறுவனம். தொடக்கத்தில் கல்வி ஆய்வாளருக்கு 5,000 டாலர். விலையை நான் பெரிதாகக் குறைசொல்ல மாட்டேன். இந்தச் செல்களை வளர்ப்பது அவ்வளவு நுணுக்கமான வேலை. உறுத்தியது விஸ்கான்சின் தரப்பு வைத்திருந்த காப்புரிமைதான். அது அந்த ஐந்து வரிசைகளோடு நிற்கவில்லை. அமெரிக்காவில் யார் புதிதாக மனிதக் கரு ஸ்டெம் செல்லை உருவாக்கினாலும் அவர்மீதும் அது பாய்ந்தது. 2005-இல் அரசு உதவியோடு அங்கே தேசிய ஸ்டெம் செல் வங்கி அமைந்தபோது விலை 500 டாலருக்கு இறங்கியது. 2007-இல் உரிம நிபந்தனைகளும் தளர்ந்தன.

இரண்டாவது, ஹார்வர்ட். தம் பிள்ளைகளுக்கு முதல் வகை நீரிழிவு வந்ததால் இந்தத் துறைக்குத் திரும்பியவர் டக்ளஸ் மெல்டன். 2004-இல் தனியார் நிதியில் 17 புதிய வரிசைகளை உருவாக்கி, கேட்ட ஆய்வாளர்களுக்குக் கட்டணமின்றி அனுப்பினார். கேட்கவே இனிக்கிறது. ஆனால் 2001 ஆகஸ்ட் 9-க்குப் பின் உருவான வரிசைகளுக்கு அதிபர் புஷ்ஷின் ஆணைப்படி மத்திய அரசுப் பணம் கிடையாது. அரசு மானியத்தில் வாங்கிய நுண்ணோக்கியைக்கூட இந்தச் செல்களுக்குப் பயன்படுத்த முடியாது. குப்பி இலவசம்தான், அதை வைத்துக்கொள்ள இன்னோர் ஆய்வகம் வேண்டும்! அமெரிக்காவுக்கு வெளியே இருந்தவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை.

மூன்றாவது, 2004-இல் திறக்கப்பட்ட பிரிட்டனின் ஸ்டெம் செல் வங்கி. அங்கே பகிர்வது யாருடைய தாராள மனத்தையும் நம்பியிருக்கவில்லை. புதிய வரிசையை உருவாக்க உரிமம் பெறுபவர், அதன் மாதிரியை வங்கியில் வைத்தே ஆகவேண்டும். வாங்குவதற்கும் வைப்பதற்கும் ஒரு குழுவின் ஒப்புதல் தேவை. அவசரக்காரர்களுக்கு அது எரிச்சல்தான். ஆனாலும் என் ஓட்டு இதற்கே. இந்தச் செல்கள் நீண்ட காலம் வளர்கையில் மரபுச் செய்தியைத் தாங்கும் குரோமோசோம்களில் 12, 17-ஆம் எண்ணுள்ளவை கூடுதலாகச் சேர்ந்துவிடுவது உண்டு. நண்பரிடமிருந்து நண்பருக்குக் கைமாறிய குப்பியில் பெயர் மட்டுமே பழையதாக இருக்கலாம். வங்கியோ கிருமித் தொற்றையும் குரோமோசோம்களையும் சோதித்த பிறகுதான் கொடுக்கிறது.

கரு கொடுத்தவர்களின் ஒப்புதல் காகிதங்களும் அந்த வங்கியில் முன்கூட்டியே பார்க்கப்படுகின்றன. அதன் அருமை 2009-இல் தெரிந்தது. அதிபர் ஒபாமா புஷ்ஷின் நிதித் தடையை நீக்கியதும், அதற்குள் எண்ணிக்கையில் கூடியிருந்த ஹார்வர்டின் வரிசைகள் அரசு நிதிக்கான அனுமதி கேட்டு வந்தன. கரு கொடுத்த தம்பதியர் கையெழுத்திட்ட ஒப்புதல் படிவத்தை அப்போது பரிசீலனைக் குழு வரிவரியாகப் படித்தது. கணையம் உருவாவதை ஆராய்வதற்கு என்ற குறிப்பு அதில் இருந்தது. 27 வரிசைகளுக்கு அனுமதி கிடைத்தது, அந்த எல்லைக்குள் மட்டும். அதே செல்களில் நரம்பை ஆராய நினைத்தவர், அரசு மானியத்தோடு அதைச் செய்ய முடியாமல் போனது.