வெக்கைக்கும் மாரிக்கும் ஏற்ற மெத்தை எது?

மெத்தை வாங்கச் செல்பவர்களில் பலர் அதைக் கையால் அழுத்திப் பார்த்தே முடிவெடுக்கிறார்கள். இடுப்புவலி உள்ளவர்களோ மிகக் கடினமானதைத் தேடுகிறார்கள். நாட்பட்ட இடுப்புவலியுள்ள 313 பேரைக் கொண்டு ஸ்பெயினில் நடத்தப்பட்டு, 2003 இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியான ஆய்வில், கடின மெத்தையைவிட நடுத்தர உறுதியுள்ள மெத்தையே வலியைக் கூடுதலாகத் தணித்தது. ஒருக்களித்துப் படுப்பவருக்குத் தோளும் இடுப்பும் சற்றே அமிழ வேண்டும். குப்புறப் படுப்பவருக்கு வயிறு தாழாத உறுதி வேண்டும். ஆனால் யாழ்ப்பாணத்தில் இதற்கு இணையாகப் பார்க்க வேண்டியது காற்றோட்டம் என்பதே என் கருத்து. சித்திரை வெக்கையில் மின்சாரம் நின்றுபோகும் இரவையும், ஐப்பசி முதல் மார்கழி வரையான மழை ஈரத்தையும் அந்த மெத்தை தாங்கியாக வேண்டும்.

இவ்வகையில் நம் வீடுகளின் பழைய இலவம்பஞ்சு மெத்தை குறைந்ததன்று. உள்ளே குழலாக உள்ள அந்த இழை இலேசானது, சூட்டைப் பிடித்து வைக்காது. எனினும், நாளடைவில் பஞ்சு கட்டிபட்டு நடுவில் பள்ளம் விழும். முற்றத்து வெயிலில் போட்டுத் தட்டி, சில ஆண்டுகளுக்கொரு முறை தையலைப் பிரித்துப் பஞ்சை உதறி அடைக்க ஆளில்லாத வீட்டில் அது முதுகுக்குத் துணை செய்யாது.

தென்னந்தும்பில் றப்பர்ப் பாலைத் தெளித்து அழுத்திச் செய்யும் தும்பு மெத்தைக்கு இத்தனை பராமரிப்புத் தேவையில்லை. இழைகளுக்கிடையே காற்று தாராளமாகப் புகும். மல்லாந்து படுப்பவருக்கு உறுதியும் போதும். ஒருக்களித்துப் படுப்பவருக்குத் தோள் நோகும் என்பதால், மேலே லேட்டெக்ஸ், அதாவது றப்பர்ப் பாலை நுரைக்கவைத்து வார்த்த மெல்லிய அடுக்கு உள்ளதைத் தேர்வது நல்லது.

விலை குறைந்த ஃபோம் மெத்தையில் தடிப்பைவிட அடர்த்தியே முக்கியம். ஒரு கன மீற்றருக்கு எத்தனை கிலோ என்று கடைக்காரரிடம் கேட்க வேண்டும். அடர்த்தி குறைந்தது விரைவில் அமிழ்ந்துவிடும். உடற்சூட்டில் இளகி உடலை அணைத்துக்கொள்ளும் மெமரி ஃபோம், 1960களில் நாசாவுக்காக விமான இருக்கைகளை முன்வைத்து உருவாக்கப்பட்டது. மூட்டுவலி உள்ளவருக்கு இதம் தரக்கூடியதாயினும், குளிரூட்டி இல்லாத அறைக்கு நான் அதைப் பரிந்துரைக்கமாட்டேன். வியர்வை முதுகின் கீழேயே தங்கிவிடும்.

ஸ்பிரிங் மெத்தைக்குள் காற்று நன்றாக உலாவும். இருவர் படுப்பதாயின், ஒருவர் புரளும்போது மற்றவர் விழிக்காதிருக்கத் தனித்தனி உறைகளில் சுருள்கள் அமைந்த பொக்கற் ஸ்பிரிங்கே தகும். கடலோர வீடுகளில் கம்பி துருப்பிடிக்கக்கூடும் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

பணவசதி இருந்தால் இவை எல்லாவற்றுக்கும் மேலாக நான் வைப்பது இயற்கை லேட்டெக்ஸ். நம் நாட்டு றப்பர்ப் பாலிலேயே செய்யப்படுபவை இங்கு உண்டு. அமிழ்ந்த இடம் உடனே எழும்; வார்க்கும்போது விடப்படும் துளைகள் காற்றுக்கு வழிவிடும். செயற்கை றப்பர் கலந்ததா என்று விசாரித்தே வாங்க வேண்டும். பஞ்சு மெத்தையைப்போல் இதை முற்றத்து வெயிலில் காயப்போடக் கூடாது. வெயில் பட்டால் றப்பர் வெடித்து உதிரத் தொடங்கும். நிழலில், சுவரில் சாய்த்து, காற்றாட விட்டால் போதும். எந்த மெத்தையாயினும், மாரியில் சீமெந்துத் தரையில் நேரே விரித்தால் அடிப்புறத்தில் கரும்புள்ளியாகப் பூஞ்சணம் பிடிக்கும். ஆகவே இடைவெளிவிட்டுப் பலகை அடித்த கட்டிலுக்கான செலவையும் முதலிலேயே கணக்கில் சேர்க்க வேண்டும்.