'ஃபிஷிங்' என்றால் எது, எது இல்லை: இந்தியன் கானூனில் தேடிப் பார்க்கும் முறை

எதிர்த்தரப்பு கேட்கும் ஆவணப் பட்டியல் நீண்டுகொண்டே போனால், "இது ரோவிங் அண்ட் ஃபிஷிங் என்கொயரி" என்று வக்கீல் எழுந்து ஆட்சேபிப்பது நம் நீதிமன்றங்களில் அன்றாடக் காட்சி. மீன் இருக்கிறதா என்றே தெரியாமல் வலை வீசிப் பார்ப்பது என்று பொருள். எவ்வளவு கேட்டால் வலைவீச்சு என்பதை அகராதி சொல்லாது, தீர்ப்புகளைத்தான் பார்க்க வேண்டும். அதற்கு 2008 முதல் இயங்கும் இந்தியன் கானூன் என்ற தீர்ப்புத் தேடல் இணையதளம் நல்ல இடம். தேடவும் வாசிக்கவும் காசு கிடையாது.

'ஃபிஷிங்' என்று ஒற்றைச் சொல்லை அடித்தால் படகு, ஏரிக் குத்தகை வழக்கெல்லாம் வந்து குவியும். சொற்றொடரை மேற்கோள் குறிக்குள் போடுங்கள். அதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. ஒரு நீதிபதி 'ரோவிங் அண்ட் ஃபிஷிங்' என்பார், இன்னொருவர் அதையே திருப்பிப் போடுவார். குற்ற வழக்குகளில் எல்லோரும் காட்டும் ஒரிசா அரசு எதிர் தேவேந்திரநாத் பாதி தீர்ப்பிலோ 'ரோவிங் ஆர் ஃபிஷிங்' என்றிருக்கிறது. ஒரே வடிவத்தை மட்டும் தேடினால் முக்கியமான தீர்ப்பே கைநழுவலாம். மூன்றையும் எழுதி, இடையிடையே 'அல்லது' என்று பொருள்படும் 'ஓ ஆர் ஆர்' என்ற மூன்று ஆங்கில எழுத்துகளைப் பெரிய எழுத்தில், இருபுறமும் இடம் விட்டுச் சேர்க்க வேண்டும். 'என்கொயரி'யை விட்டுவிடுங்கள், அதற்கு இரண்டு எழுத்துக்கூட்டல் உண்டு.

திறந்த தீர்ப்பில் இந்தச் சொல் வக்கீல் வாதத்தில் வருகிறதா, நீதிமன்றத்தின் காரணத்தில் வருகிறதா என்று பாருங்கள். வாதத்தில் வருவதைத் தீர்ப்பாக எடுத்துக் காட்டிவிட்டு மாட்டிக்கொள்பவர்கள் நிறைய. பத்திகளை வகை பிரித்துக் காட்டும் வசதி தளத்தில் இருக்கிறது. அது இயந்திரம் பிரித்தது, முன்பின் இரண்டு பத்தி படித்துவிட்டே நம்பலாம்.

பத்துத் தீர்ப்பு படித்தால் கோடு எங்கே என்று பிடிபடும். ஆவணத்தை முன்வைக்கச் சொல்லும் உரிமையியல் நடைமுறைச் சட்டம் கட்டளை 11 விதி 14-இல் "வாதியின் எல்லா வங்கிக் கணக்குகளும், 2010 முதல் இன்றுவரை" என்று கேட்டால் தள்ளுபடிக்கு வழி செய்கிறோம். "கிரையத் தொகை வரவான கணக்கு, 2019 மார்ச் முதல் ஜூன் வரை" என்றால் ஆவணம் அடையாளம் தெரிகிறது, வழக்கின் எழுவினாவோடும் (நீதிமன்றம் முடிவு செய்ய வேண்டிய கேள்வி) ஒட்டுகிறது. மனுவில் 'எல்லா', 'ஏதேனும்', 'சம்பந்தப்பட்ட அனைத்தும்' என்ற சொற்கள்தான் பெரும்பாலும் காட்டிக்கொடுக்கும். சாட்சியம் திரட்டித் தர, நீதிமன்றம் நியமிக்கும் வக்கீல் கமிஷனர் வேண்டும் என்று கேட்கும் மனுக்களும் இதே பள்ளத்தில்தான் விழுகின்றன.

குற்ற வழக்கு என்றால் ஒரு எச்சரிக்கை. ஆவணம் வரவழைக்கும் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 91-ஆம் பிரிவு, அதன் இடத்தில் வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 2024 ஜூலை 1 முதல் 94. இரண்டு எண்ணிலும் தேடுங்கள்.

உச்ச நீதிமன்றத் தீர்ப்பைத் தாக்கல் செய்யும்போது மட்டும் அந்த நீதிமன்றத்தின் தீர்ப்புத் தொகுப்புத் தளமான இ-எஸ்.சி.ஆரிலிருந்து பிரதி எடுங்கள். அங்கே அச்சிட்ட தொகுதியின் பக்க எண்ணோடு கிடைக்கும், அதுவும் இலவசம்.