‘வீட்டிலிருந்தபடியே சர்வதேச லைசென்ஸ்’ என்றால் பணம் கட்டாதீர்கள்

ஜப்பானுக்குச் சுற்றுலா போய் அங்கே கார் வாடகைக்கு எடுக்க நினைப்பவர்களுக்கு இந்த எச்சரிக்கை. ‘சர்வதேச ஓட்டுநர் உரிமம், சில நிமிடங்களில்’ என்று விளம்பரம் செய்யும் ஒரு தளம் என்னிடம் 69 டாலர் வாங்கிக்கொண்டு ஒன்றுக்கும் உதவாத அட்டையை அனுப்பிவைத்தது.

வேலைப்பாட்டைக் குறை சொல்ல முடியாது. வழுவழுப்பான பிளாஸ்டிக் அட்டை, மூலையில் மினுங்கும் ஹாலோகிராம், உலக உருண்டை முத்திரை, கூடவே பல மொழிகளில் அச்சடித்த சிறு புத்தகம். மூன்று ஆண்டுகள் செல்லுமாம்.

ஹொக்கைடோவில் விமான நிலையத்துக்குப் பக்கத்தில் இருந்த வாடகைக் கார் அலுவலகத்தில், ஊழியப் பெண் அந்தப் புத்தகத்தை இரு கைகளாலும் வாங்கி, மேலட்டையில் ஒரு தேதியைத் தேடினார். 1949 செப்டம்பர் 19. ஜெனீவா சாலைப் போக்குவரத்து உடன்படிக்கையின் தேதி அது. அந்த உடன்படிக்கையின்படி வழங்கிய அனுமதிப் புத்தகத்தைத்தான் ஜப்பான் ஏற்கும். 1968 வியன்னா உடன்படிக்கையின்படி வழங்கியதைக்கூட ஏற்பதில்லை. என் புத்தகத்தில் இரண்டுமே இல்லை. அவர் குனிந்து குனிந்து மன்னிப்புக் கேட்டார், சாவியை மட்டும் தரவில்லை.

“இங்கேயும் நம் ஊர் போல இடதுபக்கம்தானே ஓட்டுகிறார்கள், மாப்பிள்ளை?” என்றார் மாமனார். அந்த வாதம் அங்கே எடுபடாது. உரிமம் இல்லாமல் ஓட்டினால் 3 ஆண்டுகள் வரை சிறை, அல்லது 5 லட்சம் யென் வரை அபராதம். அந்தப் பெண் கண்டிப்பாக இருந்தது எங்கள் நல்ல காலம். ஆனால் முன்பதிவை ரத்து செய்த கட்டணம் எங்கள் தலையில்தான் விழுந்தது. பெட்டிகளோடும் முழங்கால் வலிக்காரரான மாமியாரோடும் ஃபுரானோவின் லாவெண்டர் தோட்டத்துக்கு ரயில் மாறி மாறிப் போனது தனிக்கதை.

பணத்தைத் திருப்பிக் கேட்டால், “நாங்கள் தருவது உங்கள் உரிமத்தின் மொழிபெயர்ப்பு மட்டுமே, அரசு ஆவணம் அல்ல” என்று பதில் வந்தது. விதிமுறைகளின் அடியில் எறும்பு எழுத்தில் அப்படித்தான் போட்டிருக்கிறார்கள். கெட்டிக்காரர்கள்!

உங்களுக்கு உரிமம் கொடுத்த நாட்டின் அரசோ, அது அதிகாரம் அளித்த அமைப்போதான் இந்த அனுமதியை வழங்க முடியும். இந்தியாவில் அது ஆர்.டி.ஓ. அலுவலகம். ‘பரிவாகன்’ என்ற அரசுத் தளத்தில் விண்ணப்பித்து உரிமம், பாஸ்போர்ட், விசா ஆகியவற்றைக் காட்ட வேண்டும். கட்டணம் 1000 ரூபாய். ஜெனீவா உடன்படிக்கையின்படி கிடைப்பது காகிதப் புத்தகம்தான், பிளாஸ்டிக் அட்டை அல்ல. அதுவும் ஓராண்டுதான் செல்லும். ஊர் உரிமத்தையும் கூடவே எடுத்துப் போங்கள், தனியாக அந்தப் புத்தகத்துக்கு மதிப்பில்லை.

கார்டில் கட்டிய பணத்தைக் கேட்டு வங்கியில் புகார் கொடுத்திருக்கிறேன், இன்னும் முடிவு வரவில்லை. இதற்கிடையில் அதே அட்டையின் படத்தோடு, வேறு பெயரில் ஒரு தளம் என் கைப்பேசியில் விளம்பரமாக வருகிறது. இப்போது தள்ளுபடி விலையாம், 49 டாலர்.