தாராவிக்காரர்களுக்கு வீடு எங்கே: தாராவியிலா, குர்லாவிலா, முலுண்டிலா?

மும்பையின் தாராவி குடிசைப் பகுதியை இடித்து மாற்றிக் கட்டும் மறுசீரமைப்புத் திட்டம் என்றதும் பேச்சு சதுர அடியில்தான் ஆரம்பிக்கிறது. 2000 ஜனவரி 1 அல்லது அதற்கு முன்பிருந்து தரைத்தளத்தில் குடியிருப்பவருக்கு தாராவிக்குள்ளேயே 350 சதுர அடி, இலவசம். அதற்குப் பிறகு 2011க்குள் வந்தவருக்கு தாராவிக்கு வெளியே 300 சதுர அடி, விலை இரண்டரை லட்சம் ரூபாய். மாடியில் இருப்பவருக்கும் வெளியேதான்: முதலில் வாடகை, தவணை கட்டி முடித்தால் சொந்தம். சரி, எல்லாமே முக்கியம்தான். ஆனால் அந்த வீட்டிலிருந்து காலையில் வேலைக்கு எப்படிப் போவது? எந்த இடம் நல்ல இடம் என்பதை இந்தக் கேள்வியை வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

முதலில், நகரத்தின் வடகிழக்கு ஓரத்திலுள்ள முலுண்ட். காஞ்சூர்மார்க், பாண்டுப், முலுண்ட் பக்கமுள்ள உப்பள நிலத்தில் 255.9 ஏக்கரை இந்தத் திட்டத்துக்குத் தர 2024இல் மத்திய அரசு ஒப்புக்கொண்டது. வரைபடத்தில் பார்த்தால் விசாலமான வெற்று நிலம். ஆனால் உப்பளம் வெற்று நிலம் இல்லை. மழைநீரையும் கடல் ஏற்றத்தையும் வாங்கிக்கொள்ளும் பள்ளம் அது. 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் கொட்டியதை அனுபவித்த ஊருக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

போக்குவரத்தைப் பார்ப்போம். முலுண்டில் ஏறி, தாராவிக்குப் பக்கத்து ஸ்டேஷனான சயானில் இறங்க இடையில் ஏழு ஸ்டேஷன். ஃபாஸ்ட் வண்டி சயானில் நிற்காது, ஸ்லோதான் பிடிக்க வேண்டும், அல்லது குர்லாவில் இறங்கி மாற வேண்டும். சென்ட்ரல் லைனில் காலை எட்டரை மணிக்கு அந்த மாற்றம் எப்படி இருக்கும் என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். முலுண்ட்காரர்கள் இந்தத் திட்டத்தை எதிர்க்கிறார்கள். ஸ்டேஷன் தாங்காது, ஈஸ்டர்ன் எக்ஸ்பிரஸ் ஹைவே தாங்காது என்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை, ஏனென்றால் அந்தப் பயம் நியாயமானது. தாராவியில் நடந்தே வேலைக்குப் போன குடும்பத்தை எட்டு ஸ்டேஷன் தள்ளி வைத்தால், இதுவரை இல்லாத நெரிசலை நாமே உண்டாக்குகிறோம்.

நைன்ட்டி ஃபீட் ரோடு பக்கத்துச் சந்துகளில் விடிவதற்கு முன்பே கொப்பரையில் ஆவி கிளம்பிவிடும். இட்லி அண்ணாச்சிகள் பெரிய அலுமினியப் பாத்திரத்தை சைக்கிள் கேரியரில் கட்டி, சாம்பார், சட்னி வாளியை ஹேண்டில்பாரில் மாட்டி, ரப்பர் ஹாரனை அமுக்கிக்கொண்டு மாட்டுங்கா, மாஹிம், பாந்த்ரா என்று பிரிவார்கள். இட்லி சூடாகப் போய்ச் சேர்வது தாராவி நகரத்தின் நடுவில் இருப்பதால்தான். அதே பாத்திரத்தோடு முலுண்டிலிருந்து லோக்கலின் லக்கேஜ் பெட்டியில் ஏறச் சொன்னால் அந்தத் தொழில் ஒரு மாதம்கூட நிற்காது. முறுக்கு சுடும் அக்காக்கள், தோல் பை தைப்பவர்கள், வீட்டு வேலைக்குப் போகும் பெண்கள் எல்லோருக்கும் இதே கதைதான்.

தேவ்நார் இன்னும் மோசம். மாநகராட்சியின் குப்பைக் கிடங்கில் 124 ஏக்கரை ஒதுக்கியிருக்கிறார்கள். 1927 முதல் குப்பை கொட்டிய இடம் அது. மலையாகக் கிடக்கும் குப்பையை அகற்றி, மண்ணைச் சுத்தம் செய்து, அப்புறம்தான் அஸ்திவாரம் போட முடியும். பக்கத்தில் மான்குர்து, கோவண்டியில் லல்லுபாய் காம்பவுண்ட், நட்வர் பாரேக் காம்பவுண்ட் என்று ஏற்கெனவே மறுகுடியமர்த்திய கட்டடங்கள் நிற்கின்றன. நெருக்கி நெருக்கிக் கட்டியதில் கீழ்த்தளங்களுக்கு வெயில் வருவதில்லை. அங்கே காசநோய் அதிகமாக இருப்பதை ஆய்வுகள் காட்டிவிட்டன. அதே வட்டாரத்தில் அதே தவறைத் திரும்பச் செய்யலாமா?

குர்லா மதர் டெய்ரி நிலம், 21 ஏக்கர், ஓரளவு பொருந்தும். சயான் பக்கத்து ஸ்டேஷன், பஸ்ஸும் உண்டு. ஆனால் நேரு நகர்க்காரர்கள் அங்கே மரங்களும் பூங்காவும் வேண்டும் என்று போராடுகிறார்கள். அளவும் சிறியது.

அப்படியென்றால் எல்லோருக்கும் தாராவிக்குள்ளேயே இடம் கொடுக்க முடியுமா? முடியும் என்றுதான் நினைக்கிறேன், அதற்கு ஒரு விலை இருந்தாலும். மாஹிம், மாட்டுங்கா, சயான் என்று சுற்றிலும் ஸ்டேஷன்கள், 2025 மே முதல் மெட்ரோவும் வந்துவிட்டது. மித்தி ஆற்றைத் தாண்டினால் பிகேசி, அதாவது அலுவலகங்கள் நிறைந்த பாந்த்ரா-குர்லா காம்ப்ளெக்ஸ். ஆனால் சாலைகள் ஏற்கெனவே திணறுகின்றன. 1912இல் கட்டிய சயான் ரயில் மேம்பாலத்தை 2024 ஆகஸ்டில் மூடியபோது எல்பிஎஸ் ரோடும் தாராவி ரோடும் பட்ட பாட்டைப் பார்த்தோம். உயரமான கட்டடங்கள் வந்தால் தாங்குமா என்று கேட்பது சரியான கேள்விதான்.

ஆனால் அந்த நெரிசலை யார் கொண்டுவரப் போகிறார்கள்? 350 சதுர அடிக்காரரிடம் மிஞ்சினால் ஒரு சைக்கிள், ஒரு பைக். இதே திட்டத்தில் லாபத்துக்காக வெளியாருக்கு விற்கக் கட்டும் அடுக்குமாடிகள்தான் வீட்டுக்கு ஒன்று, இரண்டு என்று கார்களைக் கொண்டுவரும். இடமில்லை என்று சொல்லி தாராவிக்காரரை முலுண்டுக்கு அனுப்பிவிட்டு, காலியாகும் இடத்தில் கார் பார்க்கிங்கோடு விற்பனை வீடு கட்டினால், போக்குவரத்துக்கு இரண்டு ஊரிலும் நஷ்டம். விற்பனைப் பகுதியைக் குறைத்தால் திட்டத்தின் லாபம் குறையும், அரசும் அதில் 20 சதவீதப் பங்குதாரர். நான் சொன்ன விலை அதுதான். அந்த விலையைக் கொடுக்கலாம் என்பது என் கருத்து. கூடவே தரைத்தளத்தைத் தொழில் செய்பவர்களுக்கு ஒதுக்க வேண்டும், இருபதாவது மாடியில் கொப்பரை வைத்து இட்லி அவிக்க முடியாது.

2022 மார்ச்சில் மாநகராட்சி உறுப்பினர்களின் பதவிக்காலம் முடிந்தபின் பல ஆண்டுகள் தேர்தல் நடக்கவில்லை. பெரிய நில ஒதுக்கீடுகள் நடந்ததும் அந்த இடைவெளியில்தான். தாராவிக்குத் தனித் திட்ட ஆணையம் இருந்தாலும், தேவ்நார் நிலமும் சாலையும் சாக்கடையும் மாநகராட்சி சம்பந்தப்பட்ட விஷயம். ஆகவே உங்கள் வார்டு கவுன்சிலரைப் பார்க்கும்போது, தாராவியில் இருந்தாலும் முலுண்டில் இருந்தாலும், ஒரு கணக்கைக் கேளுங்கள்: இன்று தாராவியிலிருந்து நடந்தும் சைக்கிளிலும் வேலைக்குப் போகிறவர்கள் எத்தனை பேர், அவர்களை இடம் மாற்றினால் சென்ட்ரல் லைனில் எத்தனை பேர் கூடுவார்கள்? பதிலை எழுத்தில் வாங்குங்கள்.