தகவலைச் சேர்ப்பதா, மூன்று புள்ளிகளை இணைப்பதா?

'காக்கை வெள்ளை என்றால் இரண்டும் இரண்டும் நான்கு' என்பதைச் செவ்வியல் தர்க்கம் முகம் சுளிக்காமல் ஏற்கிறது; 'எனில்'-இன் இரு பகுதிகளுக்கும் தொடர்பு வேண்டும் என்று கேட்கும் தொடர்புத் தர்க்கம் (relevance logic) ஏற்பதில்லை. அந்த மறுப்புக்குப் பொருள் சொல்ல 1970-களின் தொடக்கத்தில் இரண்டு வழிகள் வந்தன.

முதல் வழி தர்க்க அறிஞர் அலஸ்டர் அர்க்கார்ட்டுடையது; அவருக்கு எல்லாமே தகவல் துண்டுகள். ஒரு துண்டு 'அ எனில் ஆ' என்பதைத் தாங்க வேண்டுமானால் (அதாவது, அந்தத் தகவலின்படி அது உண்மையாக வேண்டுமானால்), அ-வைத் தாங்கும் எந்தத் துண்டை அதனோடு சேர்த்தாலும் அந்தச் சேர்க்கை ஆ-வைத் தாங்க வேண்டும். நுட்பம் இங்கேதான்: அ-வைத் தாங்கும் துண்டோடு சம்பந்தமில்லாத ஒன்றைச் சேர்த்தால், சேர்க்கையும் அ-வைத் தாங்கும் என்ற கட்டாயமில்லை. ஆகவே தொடர்புத் தர்க்கம் ஏற்காத 'அ எனில், ஆ எனில் அ' விழுந்துவிடுகிறது. எவ்வளவு எளிமை! ஆனால் 'அல்லது' நுழைந்ததும் சறுக்கல். இரண்டில் ஒன்றைத் தாங்கினால் போதும் என்ற வழக்கமான விதியை வைத்தால், ஆர் (R) என்ற தொடர்புத் தர்க்க அமைப்பில் நிறுவ முடியாத சில வாய்பாடுகளும் செல்லுபடியாகிவிடுகின்றன.

இரண்டாவது வழியில், தர்க்க அறிஞர்கள் ரிச்சர்ட் ரவுட்லியும் ராபர்ட் மேயரும் சேர்க்கைக்குப் பதிலாக மூன்று புள்ளிகளுக்கு (வாக்கியங்கள் உண்மையா என்று பார்க்கப்படும் நிலைகளுக்கு) இடையிலான உறவை வைத்தார்கள். 'அல்லது' தந்த சிக்கல் அடங்கியது, எதிர்மறைக்காக ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு நட்சத்திர இணை, ஆர் தர்க்கத்துக்கு முழுமைத் தேற்றமும் (செல்லுபடியாகும் எல்லாவற்றையும் நிறுவ முடியும் என்பது) கிடைத்தது. அந்த உறவு எதைத்தான் குறிக்கிறது என்று கேட்டால் மட்டும் பதில் தடுமாறுகிறது.

தேற்றம் நிறுவ நான் இரண்டாவதை எடுப்பேன். கரும்பலகை முன் நின்றால் அர்க்கார்ட்தான்.